சேர்ப்பதில் கடுமை, நீக்குவதில் நேர்மை: ட்ரூபலின் மாட்யூல் நிர்வாகம், ஒரு மதிப்புரை

ஒரு நிறுவனத்தின் வலைத்தளத்துக்கு எந்த உள்ளடக்க மேலாண்மை மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கூடிப் பேசுபவர்கள், அதில் சேர்த்துக்கொள்ளக்கூடிய கூடுதல் வசதித் தொகுப்புகளான மாட்யூல்கள் எத்தனை கிடைக்கின்றன என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா ஆகிய மூன்றிலும் தொடர்புப் படிவம் முதல் தேடுபொறிகளுக்கான குறிப்புகள் வரை அன்றாடத் தேவைகள் அனைத்துக்கும் ஏதேனும் ஒரு மாட்யூல் இருக்கவே செய்கிறது. நிறுவிய மாட்யூல் சில ஆண்டுகள் கழித்து வேண்டாததாகிவிட்டால், தளத்தின் மற்றப் பகுதிகளுக்கு ஊறு நேராமல் அதை எடுத்துவிட முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. ட்ரூபலின் மாட்யூல் நிர்வாகத்தை இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்தக் கேள்வியின் வழியாகவே அணுகுகிறது. இங்கே கருத்தில் கொள்ளப்பட்டவை ட்ரூபல் 10, ட்ரூபல் 11 ஆகிய பதிப்புகளும், 2025 ஜனவரி 15 அன்று வெளியான ட்ரூபல் சிஎம்எஸ் என்னும் தொகுப்போடு பரவலாக அறிமுகமான புதிய வசதிகளும் ஆகும்.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ட்ரீஸ் பைட்டார்ட், நண்பர்களுக்கிடையேயான தகவல் பலகையாக எழுதத் தொடங்கிய நிரல்தான் 2001 ஜனவரியில் ட்ரூபல் என்ற பெயரில் திறந்த மூல மென்பொருளாக வெளியானது. அடிப்படை மென்பொருளான கோரைச் சிறியதாக வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளை மாட்யூல்களிடம் ஒப்படைப்பது என்ற கொள்கை அதற்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. 2007இல் வெளியான ட்ரூபல் 5 முதல், ஒவ்வொரு மாட்யூலும் தான் வேறு எந்த மாட்யூல்களைச் சார்ந்திருக்கிறது என்பதை ஒரு தகவல் கோப்பில் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். வேர்ட்பிரஸில் இத்தகைய சார்பு அறிவிப்பு, 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பில்தான் கோரின் பகுதியானது. இந்த இடைவெளி இரு சமூகங்களின் மனப்போக்கையும் காட்டிவிடுகிறது. ஒன்று பயனரின் வசதியை முன்னே வைத்தது. மற்றொன்று தளத்தின் ஒழுங்கை முன்னே வைத்தது.

ட்ரூபலில் ஒரு மாட்யூலைச் சேர்ப்பது என்பது மூன்று வேறு இடங்களில் நடக்கும் மூன்று மாற்றங்களின் தொகுப்பு. முதலாவதாக, மாட்யூலின் நிரல் கோப்புகள், தளம் இயங்கும் கணினியான வழங்கிக்கு வந்து சேர வேண்டும். இரண்டாவதாக, அது இயங்கத் தேவையான அட்டவணைகள் தரவுத்தளத்தில் உருவாக வேண்டும். மூன்றாவதாக, தளத்தின் அமைவுகளில் அதன் பெயரும் அது கொண்டுவரும் இயல்நிலை அமைவுகளும் பதிவாக வேண்டும். மற்ற மென்பொருள்களிலும் இவை மூன்றும் நிகழத்தான் செய்கின்றன. ஆனால் ஒரே பொத்தானின் பின்னால் அவை மறைந்திருக்கும். ட்ரூபல் அவற்றைப் பிரித்தே காட்டுகிறது. புதிதாக வருபவருக்கு இது தேவையற்ற தொல்லையாகவும், தளத்தைப் பல ஆண்டுகள் பராமரிப்பவருக்கு ஆறுதலாகவும் இருக்கும்.

முதல் கட்டமான கோப்புகளைக் கொண்டுவரும் வேலை இன்று பிஎச்பி என்னும் நிரல்மொழிக்கான தொகுப்பு மேலாளராகிய கம்போசரிடம் இருக்கிறது. ட்ரூபல் 7 காலத்தில் சுருக்கப்பட்ட கோப்பைத் தரவிறக்கி, விரித்து, மாட்யூல் கோப்புறைக்குள் போட்டுவிட்டால் போதும். ட்ரஷ் என்னும் கட்டளைக் கருவி இருந்தால் ஒரே வரியில் அந்த வேலையும் முடிந்துவிடும். 2015 நவம்பர் 19 அன்று வெளியான ட்ரூபல் 8, சிம்ஃபனி என்னும் பிஎச்பி நிரல் கட்டமைப்பின் கூறுகளைத் தன் அடித்தளத்தில் சேர்த்துக்கொண்டதும் இந்த எளிமை போய்விட்டது. மாட்யூல்களும் பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளான வெளி நூலகங்களைப் பயன்படுத்தத் தொடங்கின. முகவரிகளை நாட்டுக்கேற்ற வடிவில் பெறும் அட்ரஸ் மாட்யூலை எடுத்துக்கொண்டால், அதற்குத் தேவையான நூலகத்தைக் கம்போசர் வழியாகக் கொண்டுவராமல் அதை இயக்கவே முடியாது. மாற்றம் நியாயமானதுதான், அதை நடத்திய விதத்தில்தான் குறை. கம்போசருக்கான அதிகாரப்பூர்வத் திட்ட வார்ப்புரு 2019 டிசம்பரில் வந்த 8.8 பதிப்போடுதான் கிடைத்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் சிலர் பழைய முறையிலும் சிலர் சமூகத்தினர் உருவாக்கிய வார்ப்புருவிலும் தளங்களை அமைத்ததால், எந்தத் தளம் எந்த வழியில் கட்டப்பட்டது என்பதை ஆராய்ந்த பிறகே கை வைக்க வேண்டிய நிலை பின்னால் வந்தவர்களுக்கு ஏற்பட்டது.

கம்போசரின் பெரிய பலம் அதன் இரட்டைப் பதிவு. நாம் எந்த மாட்யூலை எந்தப் பதிப்பு வரம்புக்குள் கேட்டோம் என்பது ஒரு கோப்பிலும், உண்மையில் எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது என்பது பூட்டுக் கோப்பு என்று அழைக்கப்படும் இன்னொரு கோப்பிலும் எழுதப்படுகிறது. இவ்விரண்டையும், கோப்புகளின் மாற்றங்களை வரிசையாகப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியத்தில் வைத்துவிட்டால், வேறொரு கணினியிலோ வேறொரு வழங்கியிலோ அதே தளத்தை அதே பதிப்புகளோடு மீண்டும் எழுப்பிவிடலாம். இதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. இரண்டு மாட்யூல்கள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கோரும்போது கம்போசர் காட்டும் பிழைச் செய்தி, அனுபவமுள்ள நிரலாளரையும் சற்று நேரம் உட்காரவைத்துவிடும். நினைவகப் பசியும் இருந்தது. 2020 அக்டோபரில் வெளியான கம்போசர் 2 அதைப் பெருமளவு குறைத்தது. அப்படியிருந்தும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில், குறிப்பாகக் கட்டளை வரிக்கு அனுமதி இல்லாத இடங்களில், கம்போசரை இயக்க முயல்வது வீண் வேலை. தன் கணினியில் இயக்கி, முடிந்த கோப்புகளை வழங்கிக்கு அனுப்புவதே அங்கு உகந்த வழி.

இரண்டாம் கட்டம் நிர்வாகப் பக்கத்தில் உள்ள 'எக்ஸ்டெண்ட்' திரையில் நடக்கிறது. வழங்கியில் இருக்கும் மாட்யூல்கள் அனைத்தும் குழுக்களாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு தேடல் பெட்டி உண்டு. வேண்டியதற்கு எதிரே குறியிட்டு நிறுவலாம். சார்ந்திருக்கும் மாட்யூல்கள் இன்னும் நிறுவப்படாமல் இருந்தால், அவற்றையும் சேர்த்து நிறுவட்டுமா என்று தளம் கேட்கும். சோதனை நிலையில் இருப்பவற்றுக்கும், கைவிடப்படவிருப்பவற்றுக்கும் தனி எச்சரிக்கை வரும். இந்தத் திரையின் ஒழுங்கைப் பாராட்டும் அதே வேளையில், ஒவ்வொரு மாட்யூலுக்கும் கீழே இருக்கும் ஒரு வரி விளக்கத்தைக் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரும்பாலான விளக்கங்கள் அந்த மாட்யூலை ஏற்கெனவே அறிந்தவருக்கு மட்டுமே புரியும் வகையில் எழுதப்பட்டிருக்கின்றன. படிவங்களுக்கான வெப்ஃபார்ம், தேடுபொறிக் குறிப்புகளுக்கான மெட்டாடேக் போன்ற பெரிய மாட்யூல்கள் தம்மோடு பல துணை மாட்யூல்களையும் கொண்டுவருவதால், எவை தேவை, எவை தேவையில்லை என்பதை அந்த ஒற்றை வரிகளை வைத்துக்கொண்டு தீர்மானிப்பது கடினம். வந்ததெல்லாம் வேண்டியதுதான் என்று எண்ணி அனைத்துக்கும் குறியிடுபவர்களின் தளம் வீணாகச் சுமையேறுகிறது.

ஒரு மாட்யூலை நிறுவியதாலேயே அதைப் பயன்படுத்தும் உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எந்தப் பொறுப்பில் இருப்பவர் எதைச் செய்யலாம் என்பதை அனுமதிகள் பக்கத்தில் தனியே வரையறுக்க வேண்டும். கல்லூரி, நூலகம், நகராட்சி போன்று பலர் கைபடும் தளங்களில் இந்தப் பிரிப்பு மிகவும் தேவையானது.

மூன்றாம் கட்டமான அமைவு நிர்வாகத்தில்தான் ட்ரூபல் தன் போட்டியாளர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிடுகிறது. தளத்தில் எந்தெந்த மாட்யூல்கள் இயங்குகின்றன, ஒவ்வொன்றும் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது முழுவதையும் உரைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம். சோதனைத் தளத்தில் ஒரு மாட்யூலை நிறுவி, அமைத்து, அமைவுகளை ஏற்றுமதி செய்து கிட்டில் சேர்த்துவிட்டால், நேரலைத் தளத்தில் யாரும் எந்தத் திரையையும் திறக்க வேண்டியதில்லை. அங்கே இறக்குமதிக் கட்டளையை இயக்கியதும் அந்த மாட்யூல் தானாகவே நிறுவப்பட்டு அதே அமைவுகளைப் பெற்றுவிடும். நிரல் கோப்புகள் வந்து சேராத நிலையில் இறக்குமதி செய்ய முயன்றால், அப்படியொரு மாட்யூலே இல்லை என்று சொல்லித் தளம் மறுத்துவிடும். தரவுத்தளப் புதுப்பிப்பு, அமைவு இறக்குமதி, கேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்பின் நீக்கம் ஆகியவற்றைச் சரியான வரிசையில் செய்து முடிக்க ட்ரஷ் கருவியில் 'டிப்ளாய்' என்றொரு கட்டளை இருக்கிறது. அந்த வரிசையை மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இதனால் நீங்கியது.

ஆனால் இதே வசதி கூர்மையான கத்தியும்கூட. அவசரத்துக்காக யாரோ ஒருவர் நேரலைத் தளத்தில் நேரடியாக ஒரு மாட்யூலை நிறுவிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிட்டில் இருக்கும் அமைவுப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அடுத்த முறை வழக்கம்போல இறக்குமதி நடக்கும்போது, பட்டியலில் இல்லாதது இருக்கக் கூடாது என்ற தருக்கத்தின்படி, ட்ரூபல் அந்த மாட்யூலை நீக்கிவிடும்; அதன் அட்டவணைகளில் இருந்த தரவும் அதோடு போகும். மென்பொருள் தன் விதிப்படிதான் நடந்துகொள்கிறது. இருப்பினும், கட்டளை வரியில் வேகமாக 'ஆம்' என்று தட்டிவிட்டுப் போகும் பழக்கமுள்ளவர்களுக்கு, 'இந்த மாட்யூல் நீக்கப்படும், இதன் தரவும் அழியும்' என்று இன்னும் உரத்து எச்சரிக்கும் ஒரு படி அங்கே இருந்திருக்கலாம். நிரலாளர்களுக்கு மட்டும் தேவைப்படும் டெவெல் போன்ற மாட்யூல்களை ஏற்றுமதியிலிருந்து விலக்கிவைக்கக் கோரிலேயே ஒரு அமைப்பு உண்டு. சூழலுக்குச் சூழல் வேறுபாடுகள் அதிகம் இருந்தால் கான்ஃபிக் ஸ்பிளிட் என்ற பங்களிப்பு மாட்யூலை, அதாவது கோருக்கு வெளியே சமூகத்தினர் எழுதித்தரும் மாட்யூலைப் பயன்படுத்தலாம்.

இனி, நீக்குதல். ட்ரூபல் 7 வரை ஒரு மாட்யூலுக்கு மூன்று நிலைகள் இருந்தன: இயங்குவது, நிறுத்தப்பட்டது, முற்றாக நீக்கப்பட்டது. நடுவில் இருந்த 'நிறுத்தப்பட்ட' நிலை பார்ப்பதற்கு வசதியாக இருந்தாலும் தளத்துக்குக் கேடானது. நிறுத்தப்பட்ட மாட்யூலின் தரவு தரவுத்தளத்தில் இருக்கும். ஆனால் அதன் நிரல் இயங்காது. அந்த இடைவெளியில் ஒரு கட்டுரையோ ஒரு பயனர் கணக்கோ நீக்கப்பட்டால், தனக்குரிய பதிவுகளையும் அழித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த மாட்யூலுக்குத் தெரியாமலே போய்விடும். பின்னர் அதை மீண்டும் இயக்கும்போது, இல்லாத கட்டுரைகளைச் சுட்டும் பதிவுகள் மிஞ்சியிருக்கும். இந்தக் கோளாற்றைச் சரிசெய்யவே முடியாது என்று நெடிய விவாதத்துக்குப் பின் முடிவுக்கு வந்த ட்ரூபல் நிரலாளர்கள், எட்டாம் பதிப்பில் அந்த நிலையையே எடுத்துவிட்டார்கள். இன்று ஒரு மாட்யூல் ஒன்று நிறுவப்பட்டிருக்கும், அல்லது நிறுவப்படாமல் இருக்கும்.

இதன் விளைவாக நீக்கும் திரை தனிப் பக்கமாகவும் பொறுப்புள்ள பக்கமாகவும் மாறியிருக்கிறது. ஒரு மாட்யூலை வேறொன்று சார்ந்திருந்தால் அதன் குறிப்பெட்டி செயல்படாது. காரணம் அங்கேயே எழுதியிருக்கும். அது உருவாக்கிய புல வகை (உள்ளடக்கத்தில் ஒரு தகவலை நிரப்பும் இடத்தின் வகை) எங்காவது பயன்பாட்டில் இருந்தால் எந்தப் புலம் என்பதையும் சொல்லும். வெப்ஃபார்மில் நிரப்பப்பட்ட படிவங்கள் இருக்கும்வரை, முதலில் அவற்றை அழித்துவிட்டு வருமாறு இணைப்போடு திருப்பி அனுப்பும். பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் ரீடைரெக்ட் மாட்யூலும் அப்படியே. தடைகள் எல்லாம் நீங்கிய பிறகும், உறுதிசெய்யும் பக்கத்தில் எந்தெந்த அமைவுகள் மாற்றப்படும், எவை அழிக்கப்படும் என்ற பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியலை நிதானமாகப் படிப்பவருக்கு, முகப்புப் பக்கத்தின் செய்திப் பட்டியல் இந்த மாட்யூலை நம்பித்தான் நின்றுகொண்டிருக்கிறது என்பது நீக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். வேர்ட்பிரஸில் மாட்யூலுக்கு இணையான செருகுநிரல் ஒன்றை நீக்கும்போது அது விட்டுச்செல்லும் தரவைத் துடைப்பதும் துடைக்காததும் அதை எழுதியவரின் அக்கறையைப் பொறுத்தது; பல ஆண்டுகள் ஓடிய தளங்களின் அமைவு அட்டவணையைத் திறந்து பார்த்தால், எப்போதோ நீக்கப்பட்டவற்றின் எச்சங்கள் வரிசையாகக் கிடக்கும்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு புலத்தை அழித்த உடனேயே அதன் வகையைத் தந்த மாட்யூலை நீக்க முயன்றால், அழிக்கப்பட வேண்டிய புலங்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன என்று சொல்லித் தளம் மறுக்கும். பின்னணியில் கால இடைவெளியில் ஓடும் கிரான் வேலைதான் புலத்தின் தரவைச் சிறிது சிறிதாகத் துடைக்கிறது என்பதால், அது ஓடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த விவரத்தை அந்தச் செய்தியிலேயே எளிய சொற்களில் சொல்லியிருந்தால் பலருடைய குழப்பம் தவிர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வரிசையில் இருக்கிறது. முதலில் மாட்யூலைத் தளத்திலிருந்து நீக்க வேண்டும். அதன் பிறகே கம்போசர் வழியாக அதன் கோப்புகளை எடுக்க வேண்டும். வரிசை மாறினால், தரவுத்தளம் மாட்யூல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, கோப்புகள் இல்லாமல் போகும்; நிலை அறிக்கையில் மாட்யூலைக் காணவில்லை என்ற எச்சரிக்கை குடியேறிவிடும். ஒரே கணினியில் வேலை செய்யும்போது இந்த வரிசையைக் காப்பது எளிது. சோதனைத் தளம், நேரலைத் தளம் என்று இரண்டு இருக்கும்போது, முதல் வெளியீட்டில் நீக்கம் நேரலைக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டாம் வெளியீட்டில்தான் கோப்புகள் போக வேண்டும். இரண்டையும் ஒரே வெளியீட்டில் சேர்த்து அனுப்பினால், நேரலைத் தளத்தில் நீக்கும் கட்டளை ஓடும் நேரத்தில் நீக்கத்தை நடத்த வேண்டிய நிரலே அங்கு இருக்காது. இத்தனை விழிப்போடு வடிவமைக்கப்பட்ட ஓர் அமைப்பு, இந்த ஓர் இடத்தில் மட்டும் மனிதரின் நினைவாற்றலை நம்பியிருப்பது வியப்பளிக்கிறது.

புதுப்பிப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிடைக்கும் புதுப்பிப்புகள் பக்கம் ஒவ்வொரு மாட்யூலின் நிலையையும் நிறத்தால் பிரித்துக் காட்டுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தால் மின்னஞ்சலும் அனுப்பும். பாதுகாப்பு அறிவிப்புகள் வழக்கமாகப் புதன்கிழமைகளில் வெளியாவதால், பராமரிப்பாளர்கள் அந்த நாளை ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம். இந்த ஒழுங்கின் பின்னால் கசப்பான அனுபவம் இருக்கிறது. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7இன் கோரிலேயே தரவுத்தளத்துக்குள் கட்டளைகளை நுழைக்க இடம்தரும் ஓட்டை அறிவிக்கப்பட்டபோது, அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்படாத தளங்கள் அனைத்தும் ஊடுருவப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று பாதுகாப்புக் குழு பின்னர் சொல்ல நேர்ந்தது. மாட்யூல்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாதுகாப்புக் குழுவின் கண்காணிப்பு, அதற்கு விண்ணப்பித்து ஏற்கப்பட்ட மாட்யூல்களின் நிலையான வெளியீடுகளுக்கு மட்டுமே உரியது. திட்டப் பக்கத்தில் கேடய அடையாளம் இல்லாத ஒன்றை, அதுவும் பொதுமக்கள் தகவல் தரும் தளத்தில் நிறுவுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். எத்தனை தளங்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணும் அப்பக்கத்தில் இருக்கும். புதுப்பிப்புகளைச் சரிபார்க்கும் மாட்யூல் இயங்கும் தளங்கள் மட்டுமே அதில் எண்ணப்படுகின்றன என்பதால், அதை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமே தவிர அளவுகோலாகக் கொள்ளலாகாது. பராமரிப்பாளர் இன்னும் தீவிரமாக இருக்கிறாரா, கேள்விகளுக்கு எவ்வளவு விரைவாக விடை வருகிறது என்பவை அந்த எண்ணைவிடப் பயனுள்ள தகவல்கள்.

பெரும் பதிப்பு மாற்றங்களின்போதுதான் மாட்யூல்களின் உண்மையான பாரம் தெரியவரும். ஏழிலிருந்து எட்டுக்குப் போனது ஏறக்குறையப் புதிய வீடு கட்டிக் குடியேறியதற்குச் சமம். அதனால்தான் ட்ரூபல் 7இன் ஆயுள் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 2025 ஜனவரி 5 அன்றுதான் முடிந்தது. ஒன்பதாம் பதிப்பு முதல் இந்த வேதனை பெரிதும் குறைந்துவிட்டது. ஒரு மாட்யூல் தான் எந்தெந்தக் கோர் பதிப்புகளோடு ஒத்துப்போகும் என்பதை ஒரே வரியில் அறிவிக்கலாம்; அப்கிரேடு ஸ்டேட்டஸ் என்ற மாட்யூல், எவை தயார், எவை தயாரில்லை என்று முன்கூட்டியே பட்டியலிடும்; தேவையான சிறு திருத்தங்களைத் தானியங்கி நிரல் ஒன்றே உருவாக்கி மாட்யூல்களின் பக்கங்களில் சேர்த்துவிடுகிறது. இருந்தாலும் யாரும் கவனிக்காத ஒரே ஒரு மாட்யூல் தளம் முழுவதையும் பழைய பதிப்பில் நிறுத்திவைக்க முடியும். கோர்கூட நிலையானதன்று. உள்ளடக்கப் பட்டியல்களை உருவாக்கும் வியூஸ் மாட்யூல் எட்டாம் பதிப்பில் கோருக்குள் வந்து பலருடைய கவலையைத் தீர்த்தது. மறுபுறம், ட்ரூபல் 11இல் ஃபோரம், புக், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டிராக்கர், டூர் ஆகியவை கோரிலிருந்து வெளியேறிப் பங்களிப்பு மாட்யூல்களாகிவிட்டன. அவற்றைப் பயன்படுத்தும் தளங்கள், மேம்படுத்துவதற்கு முன்பாகவே வெளிப் பதிப்பைக் கம்போசர் வழியாகக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்தச் செய்தி வெளியீட்டுக் குறிப்புகளில் இருக்கிறது. வெளியீட்டுக் குறிப்புகளைப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ட்ரூபல் சிஎம்எஸ் தொகுப்பில் வரும் புராஜெக்ட் பிரவுசர், மேலே சொன்ன நுழைவுச் சிக்கல்களுக்கு ஒரு விடையாக முன்வைக்கப்படுகிறது. நிர்வாகப் பக்கத்திலிருந்தே மாட்யூல்களைத் தேடலாம். பராமரிப்பிலும் பாதுகாப்புக் கண்காணிப்பிலும் இருப்பவற்றை வடிகட்டிப் பார்க்கலாம். பொத்தானை அழுத்தி நிறுவலாம். பின்னணியில் வேலை செய்வது அதே கம்போசர்தான். தளத்தின் நிரலை ஒரு நகலெடுத்து, அந்த நகலில் கம்போசரை இயக்கி, எல்லாம் சரியாக அமைந்த பிறகே மாற்றங்களை உண்மையான தளத்துக்குக் கொண்டுவருகிறது. சிந்தனை அருமையானது. ஆனால் இதற்கு வழங்கியில் கம்போசர் இருக்க வேண்டும். கோப்புறைகளில் எழுதும் அனுமதி வேண்டும். நகலுக்கான இடமும் வேண்டும். ஆக, எந்த மலிவு ஹோஸ்டிங் பயனரை மனத்தில் வைத்து இது உருவாக்கப்பட்டதோ, அவருக்கே இது சில இடங்களில் கைகொடுக்காமல் போகலாம். கிட் வழியாக ஒழுங்காக வெளியிடும் குழுக்களோ, நேரலைத் தளத்தில் இந்தப் பொத்தானை வைத்திருப்பதையே விரும்பமாட்டார்கள். அவர்கள் இதைத் தங்கள் கணினியில் இருக்கும் தளத்தில், தேடிப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

அதே தொகுப்பின் மற்றொரு புதுமை 'ரெசிபி' எனப்படும் தொகுப்பு முறை. நிகழ்ச்சி நாட்காட்டி வேண்டுமா, வலைப்பூ வேண்டுமா என்று தேர்ந்தெடுத்தால், அதற்குரிய மாட்யூல்கள், உள்ளடக்க வகைகள், பட்டியல்கள், அனுமதிகள் எல்லாம் ஒரே வீச்சில் தளத்தில் அமைக்கப்பட்டுவிடும். புதியவர்களுக்கு இது மிகப் பெரிய உதவி. பல மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிகிறது. எனக்கிருக்கும் தயக்கம் ஒன்றுதான். ரெசிபி என்பது தளத்தில் நிறுவப்பட்டு அங்கேயே இருக்கும் பொருளன்று; தன் வேலையை முடித்துவிட்டு விலகிவிடும். ஆகவே அதை 'நீக்க' வழியில்லை. அது கொண்டுவந்தவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்பதை ஒவ்வொன்றாக நாமே பிரித்துப் பார்க்க வேண்டும். மாட்யூலை நீக்குவதில் இத்தனை கண்டிப்பைக் காட்டிய ஒரு சமூகம், ரெசிபி விட்டுச்சென்றவை எவை என்று பட்டியலிடும் ஓர் அறிக்கையையாவது தந்திருக்கலாம்.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்காக ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்ல வேண்டும். இடைமுக மொழிபெயர்ப்பு வசதி இயங்கும் தளத்தில் புதிய மாட்யூலை நிறுவும்போது, அதற்குத் தன்னார்வலர்கள் செய்துவைத்த தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அதுவும் தானாகவே தரவிறங்கிவிடும்; இல்லாத வரிகள் ஆங்கிலத்திலேயே நிற்கும். கட்டுரைத் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும் பாத்ஆட்டோ மாட்யூலில், எழுத்துப்பெயர்ப்புத் தேர்வு இயங்கினால் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்துகளாகிவிடும். படிக்கச் சற்று விகாரமாக இருக்கும். அதை நிறுத்திவிட்டால் முகவரி தமிழிலேயே அமையும். ஆனால் அதை நகலெடுத்து மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரிந்துவிடக்கூடும் என்பதால் முகவரி மிக நீண்டுபோகும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும், முதல் கட்டுரையை வெளியிடுவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுவது நல்லது. ஒருவேளை பாத்ஆட்டோவையே பின்னர் நீக்க நேர்ந்தாலும் அது உருவாக்கிய முகவரிகள் அழிவதில்லை. அவை கோருக்குச் சொந்தமானவையாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல மாட்யூல் வடிவமைப்புக்கு இதையே முதல் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

ஒரு நிரலாளரையாவது பணியில் வைத்திருக்கும், கிட் பயன்படுத்தும், தளத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தத் திட்டமிடும் நிறுவனங்களுக்கு ட்ரூபல் 11ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அது பிஎச்பி 8.3ஐக் கோருவதால், ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அந்தப் பதிப்பும் கட்டளை வரி அணுகலும் உண்டா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று. தனி ஒருவராகச் சிற்றிதழோ உள்ளூர்ச் சங்கத்தின் தளமோ நடத்துபவர் வேர்ட்பிரஸோடு இருப்பதில் தவறில்லை. ட்ரூபல் 7இலேயே தங்கிவிட்ட சிறு தளங்களின் பொறுப்பாளர்கள், அந்தப் பதிப்பிலிருந்து பிரிந்து 2015 ஜனவரியில் வெளியான பேக்ட்ராப் சிஎம்எஸ்ஸை முதலில் பார்க்கலாம். அதில் கம்போசர் தேவையில்லை. மாட்யூல்களை நிர்வாகப் பக்கத்திலிருந்தே நிறுவலாம். ட்ரூபல் 7இலிருந்து நேரடியாக மேம்படுத்தும் வழியும் உண்டு. ஆனால் தளத்தில் இப்போது இயங்கும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் பேக்ட்ராப்பில் இணை இருக்கிறதா என்று பட்டியல் போட்டுச் சரிபார்த்த பிறகே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.